மோசஸ் ஹாக்லிக்குப் போன சீட்டு

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தில்லையம்பலத்தாரைத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவருக்குக் கவுன்சிலோடு இதுவரை ஒரு சோலியும் வரவில்லை என்று அர்த்தம். சோலி வந்த எவரும் அவருடைய கதவைத் தட்டாமல் இருந்ததில்லை. கூரை ஒழுகுகிறதா, அரசாங்கத்தின் பெனிபிட் காசு நின்றுபோயிற்றா, விசாக் கந்தோரில் இருந்து மூன்று வருடமாகப் பதிலைக் காணவில்லையா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: கடிதம். யாழ்ப்பாணத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பதினொரு வருடம் கிளாக்கராக இருந்து பழகிய ஆங்கிலம் அது. ‘பெருமதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கும். ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று முடியும். இந்தக் காலத்திலும் லண்டனில் ஒருவன் இப்படி எழுதுகிறானே என்று கவுன்சில்காரர்கள் சிரித்தார்களோ என்னவோ, பதில் போட்டார்கள். கூரையும் திருத்திக் கொடுத்தார்கள்.

பேனை பிடித்தால் புலி, வாயைத் திறக்கச் சொன்னால் பூனை. அதுதான் மனிதரின் குறை. ஒருமுறை பழைய மாணவர் சங்க விழாவில் நன்றியுரை சொல்லச் சொன்னார்கள். நாலு பக்கம் எழுதிக்கொண்டு மேடைக்குப் போனவர், மைக்கைக் கண்டதும் தொண்டை அடைத்து, நாலு பக்கத்தையும் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். தலைவர் கண்ணாடி இல்லாமல் அதை வாசித்த அழகை வெம்பிளிவரை சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த ஒழுங்கான மனிதருக்கு ஒரு விசர், ஒரு பைத்தியம், இருந்தது. மற்ற வீடுகளில் சினிமாப் பாட்டுக் கேட்கும், தேவாரம் கேட்கும். இவர் வீட்டில் மட்டும் ஓர் அமெரிக்கக் கிழவர் ஒற்றைக் கிற்றாரோடு முனகிக்கொண்டிருப்பார். “இந்த மனிசனுக்கு என்ன, வயித்துக்குத்தோ?” என்று கேட்பாள் மனைவி தவநாயகி. “கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை?” என்பார் இவர். “ஓம், நான் கழுதைதான். அதுதானே உங்கடை உடுப்பெல்லாம் சுமக்கிறன்,” என்பாள் அவள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுவது இவருக்குப் புதிதில்லை.

அந்த விசர் தொற்றிய இடம் ஒரு லோண்ட்றி வான். 1985-இல் தனியே வந்து சேர்ந்தவருக்கு வால்தம்ஸ்டோவில் ஒரு லோண்ட்றியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போய் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றுவது, வெளுத்ததை இறக்குவது. வான் ஓட்டியவர் ரெஜ் என்ற வெள்ளைக்காரர். அறுபது வயது. பிறந்தது, வளர்ந்தது, பல்லு விழுந்தது எல்லாம் வால்தம்ஸ்டோவில். அமெரிக்காவைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே பருத்திக் காட்டில் முதுகு முறிந்த கறுப்பு மக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டிப் பாடிய புளூஸ் என்றால் மனிதர் உயிரை விடுவார். வானில் இருந்தது ஒரே ஒரு கசெற். ஒரு கூட்டாளியின் பழைய இசைத்தட்டில் இருந்து அவரே பதிந்தது. கூட்டாளி தட்டையும் தூக்கிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். பாடியவர் மோசஸ் ஹாக்லி.

முதலில் தில்லையம்பலத்தாருக்கு அது பாட்டாகவே படவில்லை. ஒரு வரியைப் பாடுகிறார், அதே வரியைத் திரும்பவும் பாடுகிறார், பிறகு அதற்கு ஒரு பதில் சொல்கிறார். ஒருமுறை சொன்னால் எங்களுக்குக் காது கேளாது என்று நினைத்தாரோ? ஆனால் ஒரு நாளைக்கு எட்டு ஆஸ்பத்திரி, வாரத்துக்கு ஆறு நாள். அம்மியும் அடி மேல் அடி அடித்தால் நகரும் அல்லவா? மூன்றாம் மாதம், வானை விட்டு இறங்கி மூட்டை தூக்கும்போது, தன் வாய் அதை முணுமுணுப்பதை அவரே கண்டுபிடித்தார்.

கசெற்றின் கடைசிப் பாட்டுத்தான் அவரைப் பிடித்து விழுத்தியது. ‘நாலேகால் ரயில்’ என்று அதற்குப் பெயர். மனைவியைப் பிரிந்த ஒருவன் தினமும் சீப்பால் தலை இழுத்து, சப்பாத்துத் துடைத்து ஸ்ரேசனுக்குப் போகிறான். நாலேகால் ரயில் வருகிறது. ஊரார் எல்லாரும் இறங்குகிறார்கள், அவள் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போ மனிதா என்கிறார் ஸ்ரேசன் மாஸ்டர். அவன் போவதில்லை. கடைசியில், இன்றைக்கும் ரயில் வந்தது, கதவு திறந்தது, நான் ஒரு சிவப்புத் தொப்பியைக் கண்டேன், என்று பாடும்போது, டக்கென்று கசெற் முடிந்துவிடும்.

“பிறகு?” என்று கேட்டார் தில்லையம்பலத்தார், முதல்நாள்.

“பிறகு நாடா முடிந்துவிட்டது,” என்றார் ரெஜ். “பதினாறு வருடமாக எனக்கும் தெரியாது.”

அரைக்கிணறு தாண்டிய கதைதான். அதற்குப் பிறகு ரெஜ் நாளுக்கொரு முடிவு சொல்லுவார். தொப்பிக்குக் கீழே இறங்கியது மாமியார் என்பார். அவள் இறங்கி வந்து குடையால் நாலு சாத்துச் சாத்தினாள் என்பார். தில்லையம்பலத்தாரும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அது சிரிக்கிற விசயம் இல்லை. ஊரில் விட்டுவிட்டு வந்த தவநாயகியை அவர் கலியாணம் முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

தவநாயகியைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவருக்கு இங்கே இருக்க அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் நாலு வருடம் பொறுக்க வேண்டும் என்றது சட்டம். ஊரானின் வழக்கையெல்லாம் வென்று கொடுத்த பேனை, சொந்த வழக்கில் ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தது. 1988-இல் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘இனி நான் வந்தென்ன, விட்டென்ன. உங்களுக்குத் தனிய இருந்து பழகியிருக்கும். எனக்கும் பழகிப்போச்சு. நான் வரேல்லை.’ அவ்வளவுதான். மூன்று வாரமாக அவர் பதில் எழுத உட்கார்ந்தார், எழும்பினார். நாலு பக்கம் எழுதக்கூடிய மனிதர், கடைசியில் ஒரே வரி எழுதிப் போட்டார்: ‘நீர் வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்.’

அதற்கு அவள் பதில் எழுதவில்லை. பொதுவான சுகம் விசாரித்த கடிதங்கள் மட்டும் வந்தன. 1990 கடைசியில் விசா அனுமதி கிடைத்தபோது ஊரில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியாயிற்று. தபாலும் நின்றுவிட்டது. ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. வருகிறாளா, வரமாட்டாளா, உயிரோடு இருக்கிறாளா? கொழும்பு விமானம் இறங்கும் நாட்களில் மனிதர் லீவு போட்டுவிட்டு ஹீத்ரோவுக்குப் போய்ச் சும்மா நிற்பார். இதை ரெஜ்ஜைத் தவிர ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால் விசரன் என்பார்கள்.

1991 பங்குனியில் கொழும்பில் இருந்து ரெலிபோன் வந்தது. “நான்தான். வந்திட்டன்.” நாலாம் நாள் ஹீத்ரோவில் அவள் தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது, ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த சொல்லெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் கேட்டது இதுதான்: “பிரயாணம் எப்பிடி?” அவளும் “பரவாயில்லை” என்றாள். அந்த 1988-ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றி அவர் பிறகும் கேட்கவில்லை. மனமில்லாமல்தான் வந்தாளோ, போக்கிடம் இல்லாமல் வந்தாளோ என்று ஒரு முள் கிடந்தது. கேட்டு, ஓம் என்றுவிட்டால்? அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது, கலாவதி என்று பெயர் வைத்தார்கள். வாழ்க்கை நடந்தது. முள்ளும் கிடந்தது.

1994 வைகாசியில், ஓய்வு பெறும்போது கசெற்றை இவரிடம் கொடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்ட ரெஜ்ஜிடமிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டு ரிக்கெற். மோசஸ் ஹாக்லி லண்டனுக்கு வருகிறார். எண்பத்திரண்டு வயது. இதுதான் கடைசிப் பயணம், இனிக் கடல் தாண்டமாட்டாராம். ‘எனக்கு இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடக்கிறேன். நீ போ. முடிவைக் கேட்டு எனக்குச் சொல்லு,’ என்று எழுதியிருந்தார் ரெஜ்.

ஒன்பது வருடம்! தில்லையம்பலத்தார் ரிக்கெற்றை இரண்டு தரம் வாசித்தார். அந்த மனிதரின் வாயாலேயே கேட்கலாம். கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

“எனக்கு அந்த வயித்துக்குத்துக்காரனை நேரிலை வேறை பார்க்கோணுமோ?” என்றாள் தவநாயகி. ஆனால் ரிக்கெற் வீணாகப் போவதை எந்த யாழ்ப்பாணத்துப் பெண் பொறுப்பாள்? பிள்ளையைக் கீழ்வீட்டு மெற்றில்டா அக்காவிடம் விட்டுவிட்டு, மாம்பழ நிறக் காஞ்சிபுரம் உடுத்து, தாலிக்கொடியை வெளியே எடுத்துப் போட்டு, கைப்பையில் நாலு கடலை வடையும் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். இவர் கலியாணத்துக்குத் தைத்த சூட்டைப் போட்டார். பொத்தான் பூட்ட வரவில்லை. அது சூட்டின் பிழை.

மண்டபம் லண்டன் நடுவில், பழைய கட்டடம். எழுநூறு, எண்ணூறு பேர் இருக்கும். எல்லாரும் ஜீன்ஸும் ரீசேர்ட்டும். தவநாயகி சுற்றிப் பார்த்தாள்.

“தலைமை தாங்கிறது ஆர்?”

“தலைமை ஒண்டும் இல்லை. நேரை பாட்டுத்தான்.”

“விளக்கேத்தமாட்டினமோ? பொன்னாடை?”

“இல்லையப்பா. சும்மா இரும்.”

“எண்பத்திரண்டு வயசு மனிசன் கடல் தாண்டி வந்திருக்கு. ஒரு மாலைகூட இல்லையோ? என்ன சனமிது? எங்கடை ஆக்கள் எண்டால் அஞ்சாம் வகுப்பு வாத்தியாருக்கே மூண்டு பொன்னாடை போத்துவினம்.” அவள் மெய்யாகவே கோபித்துக்கொண்டாள். பாட்டுப் பிடிக்காது, அது வேறு. மரியாதை வேறு.

சொன்ன நேரத்துக்குக் கச்சேரி தொடங்கியது. நாலு இளம் வெள்ளைக்காரர் மேடைக்கு வந்தார்கள். தலைவன் குடுமி கட்டியிருந்தான். அவனுக்கொரு மின்சாரக் கிற்றார், மற்றவனுக்கு இன்னொன்று, மூன்றாமவனுக்கு டிரம்ஸ், நாலாமவனுக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. பிறகு கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நடுவில் ஒரு நாற்காலியில் இருத்தினார்கள் மோசஸ் ஹாக்லியை. சாம்பல் நிறச் சூட், பளபளவென்று துடைத்த சப்பாத்து, மெலிந்த நெடிய மனிதர். மண்டபமே எழுந்து கைதட்டியது. தில்லையம்பலத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. வானுக்குள் வருடக்கணக்காகத் தன்னோடு இருந்த குரல் இதோ கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பாட்டுத் தொடங்கினால் பாட்டைக் காணவில்லை! கோஷ்டி போட்ட போட்டில் கூரை ஆடியது. குடுமிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு, தன் கிற்றாரைப் பிழி பிழியென்று பிழிந்தான். கிழவர் வாயசைப்பது தெரிந்தது, விரல் ஓடுவது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. சனம் குடுமிக்காரனுக்குக் கைதட்டியது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. கிழவர் கிற்றாரை மடியில் வைத்துவிட்டார்.

“தெய்வத்தைத் தேரிலை வைச்சிட்டு, பின்னாலை வாற வாணக்காரன் திருவிழாச் செய்யிறான்,” என்றாள் தவநாயகி.

“இன்னும் ஒரு பாட்டு, அதற்குப் பிறகு ஐயாவை ஓய்வெடுக்க விடுவோம்,” என்று அறிவித்தான் குடுமிக்காரன்.

தில்லையம்பலத்தார் கதிரை நுனிக்கு வந்தார். அவ்வளவுதானா? நாலேகால் ரயில்? அவர் செய்த காரியத்தை லண்டனில் வேறு எவனும் செய்திருக்கமாட்டான். ஊரில் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்கு, இன்ன ராகம் வாசியுங்கள் என்று துண்டுக் கடதாசியில் சீட்டு எழுதி, ஆள் மாறி ஆளாக மேடைவரை அனுப்புவது வழக்கம். அந்த வழக்கத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. டயறியில் ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினார்.

‘பெருமதிப்புக்குரிய ஐயா, தாங்கள் அருள்கூர்ந்து நாலேகால் ரயில் என்ற பாடலை, தாங்கள் மட்டும் தனியாக, முடிவு வரை பாடும்படி மிகப் பணிவுடன் வேண்டுகிறேன். ஒன்பது வருடமாக அதன் முடிவை அறியாதிருக்கிறேன். தங்கள் கீழ்ப்படிவுள்ள, சி. தில்லையம்பலம், ஃபாரஸ்ட் கேட்.’

நாலாக மடித்து, முன்னால் இருந்த மொட்டைத் தலைக்காரரின் தோளில் தட்டிக் கொடுத்தார். அவர் திகைத்துப் பார்த்தார். மேடையைக் காட்டினார் இவர். வெள்ளைக்காரனின் பண்பே பண்பு, கையில் ஒரு கடதாசி வந்தால் தன்னோடு நிற்பாட்டிக்கொள்ளமாட்டான். சீட்டு வரிசை வரிசையாகத் தலைக்கு மேலால் போயிற்று.

“என்ன செய்து போட்டியள்?” தவநாயகி அவருடைய கையைப் பிடித்தாள். “இது என்ன கோயில் வீதியோ? மானம் போகப் போகுது!”

மானம் போகத்தான் செய்தது. சீட்டை வாங்கிய குடுமிக்காரன் அதைப் பிரித்துப் பார்த்தான், சிரித்தான், மைக்குக்கு முன்னால் போய் நாடகக்காரன் மாதிரிக் குரலை மாற்றி வாசித்தான். “பெரு... மதிப்புக்குரிய... ஐயா!” மண்டபம் கொல்லென்று சிரித்தது. “தங்கள் கீழ்ப்படிவுள்ள...” இன்னும் சிரித்தது. தில்லையம்பலத்தார் கதிரைக்குள் புதைந்தார். பூமி பிளக்காதா என்றிருந்தது.

“என்னத்துக்குச் சிரிக்கினம்?” என்றாள் தவநாயகி. “மரியாதையா எழுதினது பிழையோ?”

மேடையில் கிழவர் கையை நீட்டினார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அது எனக்கு வந்த கடிதம்,” என்றார் மோசஸ் ஹாக்லி. “இங்கே கொடு.”

குடுமிக்காரன் கொடுத்தான். கிழவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வாசித்தாரோ, சும்மா பார்த்தாரோ தெரியாது. பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“எண்பத்திரண்டு வருடமாக இந்த உலகத்தில் இருக்கிறேன். நான் பிறந்த ஊரில் அறுபது வயதுவரை எனக்கு ‘டேய் பொடியா’ என்றுதான் பெயர். பாட்டை வாங்கிக்கொண்டு போனவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெருமதிப்புக்குரிய ஐயா என்று எனக்கு ஒருவரும் எழுதினதில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.”

குடுமிக்காரனின் முகம் சிவந்துபோயிற்று. கிழவர் சீட்டை மடித்துச் சூட்டின் நெஞ்சுப் பைக்குள் வைத்தார். “பிள்ளைகளே, நீங்கள் போய் ஒரு தேநீர் குடியுங்கள்,” என்று கோஷ்டியை அனுப்பிவிட்டு, கிற்றாரைத் தூக்கினார்.

தில்லையம்பலத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவளையும் திரும்பிப் பார்த்தார். அவளும் நிமிர்ந்துதான் இருந்தாள்.

என்ன குரல் அது! மெலிந்துதான் போயிருந்தது, ஆனால் இற்றுப்போகவில்லை. கிற்றார் ரயிலாக ஓடியது. ஒற்றைக் கால் பலகையில் தாளம் போட்டது. தவநாயகி காதைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“என்னவாம்?”

“ஒவ்வொரு நாளும் ஸ்ரேசனுக்குப் போறன் எண்டுறார்,” என்று அவர் அவளுடைய காதுக்குள் சொன்னார். “தலை இழுத்து, சப்பாத்துத் துடைச்சு.”

“ஏனாம்?”

“மனிசி வருவா எண்டு. எல்லாரும் இறங்கினம். அவ இல்லை.” அவர் மேடையைப் பார்த்தபடியே சொன்னார். “வீட்டை போ எண்டு ஸ்ரேசன் மாஸ்டர் சொல்லுறார். இவன் போறானில்லை. நாளைக்கு வருவா எண்டுறான்.” பாட்டைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. “நானும் போனனான். ஹீத்ரோவுக்கு. நீர் வாறீரோ எண்டு தெரியாமல். பதினொரு தரம்.”

தவநாயகி திரும்பி அவரைப் பார்த்தாள்.

இன்றைக்கும் ரயில் வந்தது என்று கிழவர் பாடினார். கதவு திறந்தது, நான் ஒரு சிவப்புத் தொப்பியைக் கண்டேன். தில்லையம்பலத்தார் முன்கதிரையை இறுகப் பிடித்தார். ஒன்பது வருடமாக நாடா முடிந்த இடம். இதோ வரப்போகிறது.

கிழவர் அங்கேயே நிறுத்தினார்.

“இவ்வளவுதான் பாட்டு,” என்றார். “அந்தக் காலத்துத் தட்டில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். பதிந்தவன் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டினான், நான் நிறுத்திவிட்டேன். அந்தத் தொப்பி யாருடையது என்று எனக்கும் தெரியாது. ஐம்பத்தெட்டு வருடமாக ஆட்கள் கேட்கிறார்கள், நானும் யோசித்துப் பார்க்கிறேன்.” சனம் சிரித்தது. “கடிதம் எழுதிய ஐயா எங்கே? எழும்புங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்.”

நாடா இடையில் முடியவில்லை! பாட்டுக்கு முடிவே இல்லை! அவர் எழும்பினார், எழும்பினாரே தவிர வாயில் ஈரம் இல்லை.

“இந்தப் பாட்டுக்காக ஒன்பது வருடம் இருந்திருக்கிறீர்கள். நீங்களும் யாருக்கோ காத்திருந்த ஆள்தான்,” என்றார் கிழவர். “உங்களுடையவள் வந்தாளா?”

எண்ணூறு முகமும் திரும்பியது. பழைய வியாதி பிடித்துக்கொண்டது. தொண்டை அடைத்தது, காது இரைந்தது. அப்போது பக்கத்தில் பட்டுச் சேலை சரசரத்தது. தவநாயகி எழும்பி நின்றாள்.

“ஐ கேம்,” என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்க. “சிக்ஸ் இயர்ஸ். பட் ஐ கேம்.”

“ஆறு வருடம்!” என்றார் கிழவர். “ஏனம்மா அவ்வளவு தாமதம்?”

“றோட் குளோஸ்ட்,” என்றாள் அவள். மாலை வகுப்பில் படித்த ஆங்கிலம் அதோடு தீர்ந்துவிட்டது. ஆனால் அவள் உட்காரவில்லை. கணவனைப் பார்த்தாள். “நான் தமிழிலை சொல்லுறன். நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ.”

“நானோ?”

“வேறை ஆர்? பாதை பூட்டிப்போச்சு. கொம்படி வெளிக்குள்ளாலை, தண்ணிக்குள்ளாலை நடந்துதான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ.”

அவருக்குத் தலை சுற்றியது. நீரேரியைக் கடந்து சனம் சாகும் பாதையல்லவா அது! அவள் அதற்குள்ளாலா வந்தாள்? ஆனால் எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தில்லையம்பலத்தார் வாயைத் திறந்தார். வந்தது குரல். “அவள் கடல்நீருக்குள்ளால் நடந்து வந்தாள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“இடுப்பளவு தண்ணி. விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் கரையேறினது. மேலை ஆமியின்ரை ஹெலிகொப்ரர் சுத்தினது.”

அதையும் சொன்னார். குரல் உடைந்தது, ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

“நனையக்கூடாத சாமான் மூண்டையும் சீலைத்துண்டிலை கட்டித் தலையிலை வைச்சிருந்தனான். செருப்பு. பாஸ்போட்.” அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “மற்றது, பார்த்துக்கொண்டிருக்கிறன் எண்டு நீங்கள் எழுதின கடுதாசி.”

செருப்பைச் சொன்னார். பாஸ்போட்டைச் சொன்னார். மூன்றாவது வரவில்லை. மனிதர் நின்றபடி அழுதார்.

“மூன்றாவது என்ன?” என்று முன்னால் இருந்த மொட்டைத் தலைக்காரர் மெல்லக் கேட்டார்.

“என்னுடைய கடிதம்,” என்றார் தில்லையம்பலத்தார்.

மோசஸ் ஹாக்லி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆம், ஆம் என்று தனக்குள்ளே சொன்னார். பிறகு கிற்றார் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்தச் சிவப்புத் தொப்பி அவளுடையது இல்லை என்று பாடினார். வழக்கம்போல அதை இரண்டாம் தடவையும் பாடினார். அவள் ரயிலிலே வரவில்லை, ஆண்டவரே, தண்ணீருக்குள் நடந்து வந்தாள், செருப்பைத் தலையில் வைத்து. நான் எழுதிய கடிதம் நனையவில்லை. அவ்வளவும் அந்த இடத்திலேயே கட்டியது! ஐம்பத்தெட்டு வருடம் முடியாமல் கிடந்த பாட்டை, ஃபாரஸ்ட் கேட் தவநாயகியின் சொல்லை வைத்து முடித்தார் மனிதர். மண்டபம் எழுந்து நின்றது. மேடையைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பாதி, அவளைப் பார்த்துக் கைதட்டியவர்கள் பாதி.

“ஏனப்பா எனக்கு இதைச் சொல்லேல்லை?” என்றார் அவர், கைதட்டலுக்கு நடுவே.

“பிரயாணம் எப்பிடி எண்டுதானே கேட்டனீங்கள்? பிளேன் பரவாயில்லைத்தானே.”

“மனமில்லாமல் வந்தீராக்கும் எண்டு நான் இவ்வளவு காலமும்...”

“விசர் மனிசன்,” என்றாள் தவநாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மனமில்லாதவள் ஹெலிக்குக் கீழாலை நடப்பாளோ?”

கச்சேரி முடிந்து வெளியே வர அரை மணித்தியாலம் பிடித்தது. முன்பின் தெரியாத சனம் வரிசையில் நின்று தவநாயகியின் கையைப் பிடித்தது. குடுமிக்காரனும் வந்து தலை குனிந்து நின்றான். அவள் அவனுக்கு ஒரு கடலை வடை கொடுத்தாள். பக்கத்தில் அவளுடைய கோட்டையும் கைப்பையையும் தூக்கிக்கொண்டு, பூட்டாத சூட்டோடு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார் தில்லையம்பலத்தார். ஒரு கிழ வெள்ளைக்காரி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கள்தானே அந்தச் சீட்டை எழுதியவர்?” என்று கேட்டாள்.

“சீட்டு ஆரும் எழுதலாம் அம்மா,” என்றார் அவர், தன் நல்ல ஆங்கிலத்தில், தொண்டை அடைக்காமல். “நான் அவளுடைய புருசன்.”